டிஎல்எல் கோப்புகளை இன்ஸ்டாலரில் சேர்க்க ஐந்து வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

விண்டோஸுக்கு ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதி முடித்தாயிற்று. உங்கள் கணினியில் பிசிறில்லாமல் ஓடுகிறது. வேறொரு கணினியில் நிறுவினால் "எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. டிஎல்எல் என்பது நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் லைப்ரரிக் கோப்பு. வழி கேட்டால், எல்லாவற்றையும் எக்ஸி என்ற நிரல் கோப்புக்குப் பக்கத்தில் போடு என்கிறார் ஒருவர். ஸ்டாடிக்காக லிங்க் செய், அதாவது லைப்ரரியை எக்ஸிக்குள்ளேயே இணை, என்கிறார் இன்னொருவர். சி++ நிரல்களுக்கு வேண்டிய பொது டிஎல்எல்களை நிறுவும் மைக்ரோசாஃப்டின் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை ஓட்டு என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரிதான், அவரவர் நிலைமைக்கு.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம், எல்லா டிஎல்எல்லுக்கும் ஒரே விடை தேடுவது. முதலில் கோப்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். நீங்களே எழுதிய லைப்ரரிகள் ஒரு குவியல். க்யூடி, ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் போல வெளியிலிருந்து எடுத்தவை இரண்டாவது. கம்பைலரோடு வரும் சி++ ரன்டைம், அதாவது எம்எஸ்விசிபி140 போன்ற அடிப்படை டிஎல்எல்கள், மூன்றாவது. முதல் குவியலுக்கு ஒரு வழியும் மூன்றாவதற்கு வேறு வழியும் எடுப்பதில் தவறில்லை. நன்றாகக் கட்டிய இன்ஸ்டாலர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

## முதலில் அளவுகோல்கள்

நாளைக்கு அந்தக் கோப்பை மாற்றப்போவது யார்? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது பெரியது. 2004 செப்டம்பரில் ஜேபெக் படங்களைப் பிரித்துக் காட்டும் ஜிடிஐபிளஸ் லைப்ரரியில் ஓட்டை இருப்பது தெரிந்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆனால் பல மென்பொருள்கள் அதே டிஎல்எல்லின் தனிப்பிரதியைத் தம் ஃபோல்டரில் வைத்திருந்தன. விண்டோஸின் திருத்தம் அவற்றைத் தொடவில்லை. எங்கெங்கே பழைய பிரதி கிடக்கிறது என்று தேடத் தனிக் கருவி தேவைப்பட்டது. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஓட்டை வந்தபோதும் இதே கதைதான்: அதைத் தன்னுள் வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே புதிய பதிப்பு விட வேண்டியிருந்தது.

நிறுவுகிறவருக்கு அட்மின் உரிமை உண்டா? இல்லையென்றால் கீழே உள்ள வழிகளில் இரண்டு அப்போதே அடிபட்டுப் போகும்.

உங்கள் மென்பொருளுக்குள் அந்நியக் குறியீடு நுழையுமா? "எனக்கு பிளகின் எதுவும் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கோப்பைத் திறக்கும் டயலாக் பெட்டியைக் காட்டினாலே, கணினியில் உள்ள பிற மென்பொருள்களின் எக்ஸ்ப்ளோரர் நீட்சிகள் உங்கள் ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலுக்குள், வந்து உட்காரும்.

இவை போக, உரிமம் என்ன சொல்கிறது, இன்ஸ்டாலர் எவ்வளவு பெருக்கிறது என்ற இரண்டும் உண்டு. அளவைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். உரிமத்தைப் பற்றித் தேவைக்குக் குறைவாக. கீழே உள்ள அட்டவணையில், உங்கள் இன்ஸ்டாலரே ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (சுருக்கமாக ரீடிஸ்ட்) ஓட்டுவது ரீடிஸ்ட் சங்கிலி; எம்எஸ்ஐஎக்ஸ் என்பது மைக்ரோசாஃப்டின் பொதி வடிவம்.

| | எக்ஸி பக்கத்தில் | ஸ்டாடிக் | ரீடிஸ்ட் சங்கிலி | பொது இடம் | எம்எஸ்ஐஎக்ஸ் |
|---|---|---|---|---|---|
| அட்மின் உரிமை | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | பொதுவாக வேண்டாம் |
| திருத்தம் தருபவர் | நீங்கள் | நீங்கள், மறு கம்பைலுடன் | பிறரும் தரலாம் | யாரும் பொறுப்பில்லை | ரன்டைமுக்கு மைக்ரோசாஃப்ட், மற்றதற்கு நீங்கள் |
| கூடும் அளவு (ரன்டைமுக்கு) | 1 எம்பி அளவில் | அதைவிடக் குறைவு | 20–25 எம்பி | குறைவு | குறைவு |
| பிற மென்பொருளோடு மோதல் | அரிது, ஆனால் உண்டு | மிக அரிது | அரிது | அடிக்கடி | மிக அரிது |
| முக்கியப் பொறி | பழைய ரன்டைம் | ரன்டைம் பிரிவு, உரிமம் | வெளியேறும் எண்கள் | எல்லாமே | கையொப்பம் |

## வழி 1: எக்ஸிக்குப் பக்கத்திலேயே வைப்பது

விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் எக்ஸி இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். பிறகு சிஸ்டம்32, விண்டோஸ் ஃபோல்டர், நடப்பு ஃபோல்டர், கடைசியாகப் பாத் என்ற அமைப்பில் குறித்த ஃபோல்டர் பட்டியல். விண்டோஸ் தன்னுடையவை என்று குறித்து வைத்திருக்கும் சில டிஎல்எல்கள் மட்டும் எப்போதும் சிஸ்டம்32இலிருந்தே வரும். ஆக, பக்கத்தில் வைத்த கோப்பு அநேகமாக முந்திக்கொள்ளும். முதல் இரண்டு குவியல்களுக்கும் இதுவே இயல்பான வழி. வேறு வழி எடுப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ரன்டைமையும் இப்படி வைக்கலாம். விஷுவல் ஸ்டுடியோவின் ரீடிஸ்ட் ஃபோல்டரில், உங்கள் பில்ட் 64 பிட்டா 32 பிட்டா என்பதற்கேற்ற சிஆர்டி உள்ஃபோல்டரைத் திறந்து, அதிலுள்ள எல்லாவற்றையும் எடுங்கள். ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுத்தால் பெரும்பாலும் விட்டுப்போவது விசிரன்டைம்140_1.டிஎல்எல். 64 பிட்டுக்கு மட்டும் உரிய இது 2019 பதிப்போடு சேர்ந்தது. சிஸ்டம்32இலிருந்து காப்பி எடுக்காதீர்கள். பதிப்பு எது என்றே தெரியாது. பிழை தேடுவதற்கான டீபக் பில்டின் டிஎல்எல்களைப் பிறருக்குக் கொடுக்க உரிமமும் இல்லை. யுனிவர்சல் சிஆர்டி விண்டோஸ் 10 முதல் இயங்குதளத்தின் பகுதியாகிவிட்டதால், அதன் பிரதியைப் பக்கத்தில் வைத்தாலும் அங்கே விண்டோஸ் தன் பிரதியைத்தான் எடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு இனிமேல்தான். ஒரு ப்ராசஸில் எம்எஸ்விசிபி140 ஒருமுறை ஏறிவிட்டால், பின்னால் வருபவர் அதே பெயரைக் கேட்கும்போது ஏறியிருக்கும் பிரதியே கிடைக்கும். நீங்கள் பக்கத்தில் வைத்தது 2019ஆம் ஆண்டுப் பிரதி என்று கொள்வோம். பயனர் ஃபைல் ஓப்பன் பெட்டியைத் திறக்கிறார். புதிய கம்பைலரில் கட்டிய ஓர் எக்ஸ்ப்ளோரர் நீட்சி உள்ளே வருகிறது. உங்கள் பழைய ரன்டைமோடு ஓட முயல்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.10 பதிப்பில் மியூடெக்ஸ் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஒன்றைத் தொடாமல் காக்கும் பூட்டு) உருவாகும் முறை மாறியது. அதில் கம்பைல் செய்த நிரல் பழைய எம்எஸ்விசிபி140ஓடு ஓடினால், மியூடெக்ஸைப் பூட்டப்போகும் இடத்திலேயே விழும். பயனர் கண்ணுக்கு விழுந்தது உங்கள் மென்பொருள். எனவே ரன்டைமைப் பக்கத்தில் வைப்பவர், தன் குறியீடு மாறாவிட்டாலும் ஒவ்வொரு வெளியீட்டிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துபவை. ஆனால் ரன்டைம், அதைப் பயன்படுத்தும் பகுதிகளில் ஆகப் புதியதன் அளவுக்காவது புதியதாக இருக்க வேண்டும்.

இன்ஸ்டாலர் பக்கத்திலும் இரண்டு பொறிகள். இன்ஸ்டாலர் கட்டும் கருவியான இன்னோ செட்டப் இயல்பாகக் கோப்பின் பதிப்பு எண்ணைப் பார்க்கும். அங்கே இருப்பது புதிது என்றால் அதை மாற்றாது. தனிப் பயனுக்கான டிஎல்எல்களுக்கு இது வேண்டாத வேலை. இக்னோர்வெர்ஷன் கொடியைப் போடுங்கள், இல்லையேல் பாதி புதிது பாதி பழையது என்ற கலவை மிஞ்சும். மேலும், மேல்பதிப்பை நிறுவும்போது இன்னோ பழையதை நீக்கிவிட்டு நிறுவுவதில்லை, அதன் மேலேயே எழுதுகிறது. புதிய பதிப்பில் நீங்கள் கைவிட்ட பிளகின் பழைய ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். ஃபோல்டரை வருடி பிளகின் ஏற்றும் மென்பொருளாக இருந்தால் அதையும் ஏற்றும். இன்ஸ்டால்டிலீட் பகுதியில் அந்தப் பெயர்களை எழுதி நீக்க வேண்டும்.

விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐயைக் கட்டுபவர்களுக்கு இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. உங்கள் 2.0 வெளியீட்டில் ஒரு டிஎல்எல் 3.2 பதிப்பு. அதில் ஏதோ குறை என்று 2.1 வெளியீட்டில் 3.1க்குத் திரும்புகிறீர்கள். எம்எஸ்ஐ தொடக்கத்திலேயே கணக்குப் போடும்: "இங்கே 3.2 இருக்கிறது, 3.1ஐ வைக்க வேண்டியதில்லை." அடுத்து, பழைய பதிப்பை முன்கூட்டியே நீக்கும்படி அமைத்திருந்தால் அந்த 3.2 அழிகிறது. முடிவில் இரண்டும் இல்லை. நிறுவல் வெற்றி என்று செய்தி வரும், மென்பொருள் திறக்காது, ரிப்பேர் கொடுத்தால் சரியாகிவிடும். அதனாலேயே காரணம் பிடிபடாமல் நாள்கணக்கில் அலைய நேரும். ரீஇன்ஸ்டால்மோடைக் கட்டாயமாக எழுதும் நிலைக்கு மாற்றினால் தீரும் என்று பலர் சொல்வார்கள். அது தொகுப்பில் உள்ள எல்லாக் கோப்புக்கும் பொருந்திவிடும் என்பதால் பகிர்ந்த கோப்புகள் இருந்தால் ஆபத்து. ஒழுங்கான வழி, அந்த டிஎல்எல்லைப் பெரிய பதிப்பு எண்ணோடு மறுபடி பில்ட் செய்வது.

## வழி 2: எக்ஸிக்குள்ளேயே இணைப்பது

ஸ்டாடிக் லிங்க் செய்தால் சேர்க்க வேண்டிய கோப்பே இல்லை. ஒற்றை எக்ஸியாக யுஎஸ்பியில் எடுத்துப்போகும் கருவி, பழுது பார்க்கும் கருவி, இன்ஸ்டாலரின் தொடக்க நிரல் ஆகியவற்றுக்கு இதற்கு இணையில்லை. ரன்டைம் இல்லாத கணினியில் ரன்டைமை நிறுவ வந்த நிரலே ரன்டைமைக் கேட்டு நின்றால் எப்படி?

ஆனால் உங்கள் மென்பொருளில் ஓர் எக்ஸியும் நான்கு டிஎல்எல்லும் இருந்து, ஐந்திலும் ரன்டைமை ஸ்டாடிக்காக இணைத்தால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரன்டைம் நிலையை வைத்துக்கொள்ளும். ஒரு டிஎல்எல்லில் திறந்த கோப்புக் கைப்பிடியை இன்னொன்றில் பயன்படுத்த முடியாது. நினைவகத்தை ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் விடுவதும் நிச்சயமில்லாத காரியம். எல்லையில் ஸ்டிரிங், வெக்டர் போன்றவற்றைக் கடத்தாமல், "வாங்கியவனே விடுவிக்க வேண்டும்" என்ற ஒழுங்கோடு எழுதியிருந்தால் மட்டுமே இது பாதுகாப்பு. எழுதி முடித்த குறியீட்டில் இந்த ஒழுங்கைப் பின்னால் கொண்டுவருவது பெரிய வேலை.

உரிமம் இங்கேதான் கடிக்கும். எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள லைப்ரரியை டிஎல்எல்லாக வைத்தால், பயனர் தன் விருப்பப்படி மாற்றிய பிரதியை அந்த இடத்தில் வைக்க முடிகிறது. அந்த நிபந்தனை எளிதில் நிறைவேறுகிறது. ஸ்டாடிக்காக இணைத்தால், அவர் மறுபடி லிங்க் செய்துகொள்ள உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தர வேண்டும். மூலக்குறியீட்டை மூடி வைக்கும் நிறுவனங்கள் க்யூடியை டிஎல்எல்லாகவே அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## வழி 3: ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைச் சங்கிலியில் கோப்பது

மூன்றாம் குவியலுக்கு, அட்மின் உரிமை இருக்கும்பட்சத்தில், இதுவே சிறந்தது. ரன்டைம் சிஸ்டம்32இல் ஒரே இடத்தில் இருக்கும். உங்களுக்குப் பின் வரும் வேறு மென்பொருள் புதிய ரீடிஸ்ட்டை நிறுவினால் உங்களுக்கும் சேர்த்துப் புதுசாகும். மேலே சொன்ன பழைய ரன்டைம் மோதலும் பெரும்பாலும் எழாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை அதிகம். ரீடிஸ்ட்டை ஓட்டுமுன் ரெஜிஸ்ட்ரியில் விஷுவல் ஸ்டுடியோ 14.0 கிளைக்குக் கீழே ரன்டைம்ஸ் சாவியைப் பாருங்கள். அங்கே நிறுவப்பட்டதா என்பதும் மேஜர், மைனர், பில்ட் எண்களும் தனித்தனியே இருக்கும். "இருக்கிறதா" என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டுவதுதான் வழக்கமான தவறு. இருப்பது உங்களுக்குத் தேவையானதைவிடப் பழையதா என்று எண்களை ஒப்பிட வேண்டும். ஓட்டும்போது அமைதியாக ஓடு, மறுதொடக்கம் செய்யாதே என்ற இரு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

திரும்பி வரும் எண்ணைப் படிக்காத இன்ஸ்டாலர் பாதி இன்ஸ்டாலர். 0 வெற்றி. 3010 வெற்றி, ஆனால் மறுதொடக்கம் தேவை. 1638 என்றால் ஏற்கெனவே புதிய பதிப்பு இருக்கிறது. இதைப் பிழையாக எடுத்துக்கொண்டு நிறுவலையே ரத்து செய்யும் இன்ஸ்டாலர்கள் உண்டு. 1618 என்றால் வேறொரு எம்எஸ்ஐ நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த "வேறொன்று" நீங்களாகவே இருக்கலாம்! ரீடிஸ்ட்டின் உள்ளே இருப்பதும் எம்எஸ்ஐதான். உங்கள் எம்எஸ்ஐயின் நடுவே கஸ்டம் ஆக்‌ஷனாக அதை ஓட்டினால் இரண்டும் ஒரே பூட்டுக்கு நின்று முட்டிக்கொள்ளும். எம்எஸ்ஐக்கு வெளியே, முன்னதாக ஓட்ட வேண்டும். எம்எஸ்ஐ கட்டும் விக்ஸ் கருவியில், பல நிறுவல்களை வரிசையாக ஓட்டும் பர்ன் அதற்காகவே இருக்கிறது. இன்னோவும் அதுபோன்ற இன்னொரு கருவியான என்எஸ்ஐஎஸ்ஸும் எம்எஸ்ஐ அல்ல என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் வராது.

உங்கள் மென்பொருளை நீக்கும்போது ரீடிஸ்ட்டை நீக்காதீர்கள். அதை நம்பி வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

க்யூடி பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. விண்டிப்ளாய்க்யூடி கருவி தேவையான டிஎல்எல்களையும் பிளகின்களையும் திரட்டிக் கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரான எம்எஸ்விசியின் பில்டில் ரன்டைம் டிஎல்எல்களுக்குப் பதிலாக ரீடிஸ்ட்டின் எக்ஸியையே அந்த ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகும். அதை இன்ஸ்டாலரில் சேர்த்தவர்கள் ஓட்ட மறந்துவிடுவார்கள்; 20 எம்பி சும்மா கிடக்கும், பிழைப் பெட்டியும் அப்படியே வரும்.

## வழி 4: பொது இடத்தில் வைப்பது

சிஸ்டம்32இல் உங்கள் டிஎல்எல்லை எழுதாதீர்கள். விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளைப் பாதுகாப்பு அமைப்பு மாற்ற விடாது. மற்ற பெயர்களில் நீங்கள் எழுதுவது இன்னொருவர் எழுதியதோடு மோதும். ஷேர்ட்டிஎல்எல்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரி எண்ணிக்கை, ஒரு கோப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்க வந்தது. ஓர் இன்ஸ்டாலர் கூட்ட மறந்தாலோ இருமுறை குறைத்தாலோ, கோப்பு அடுத்தவர் காலடியிலிருந்து உருவப்படும், அல்லது என்றைக்கும் நீங்காது. எம்எஸ்ஐக்குள் கலந்துவிடும், ரன்டைமுக்கான மெர்ஜ் மாட்யூல்களை மைக்ரோசாஃப்டே கைவிடச் சொல்லிவிட்டது.

நியாயமான ஒரே சந்தர்ப்பம்: நீங்களே வெளியிடும் பல மென்பொருள்கள் ஒரு பெரிய லைப்ரரியைப் பகிர்வது. அப்போதும் காமன் ஃபைல்ஸுக்குக் கீழ் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்று வையுங்கள். வட்டு இடம் மிச்சமாவது மட்டுமே லாபம் என்றால், அந்தத் தொல்லைக்கு அது தகாது.

## வழி 5: எம்எஸ்ஐஎக்ஸ்

கோப்புகள் தனிப் பொதிக்குள் இருக்கும், நீக்கினால் சுத்தமாகப் போகும். ரன்டைமை விசிலிப்ஸ் என்ற தனிப் பொதியின் மீது சார்பாகக் குறித்துவிடலாம். அப்டேட் வரும்போது 64 கேபி துண்டுகளில் மாறியவை மட்டும் இறங்கும்.

விலை: பொதிக்கு, இலக்குக் கணினி நம்பும் கையொப்பம் கட்டாயம். நிறுவிய ஃபோல்டரில் மென்பொருள் எழுத முடியாது. தன் எக்ஸிக்குப் பக்கத்தில் அமைப்புக் கோப்பை எழுதிப் பழகிய பழைய நிரல்கள் இங்கே உடையும். நடப்பு ஃபோல்டரும் நிறுவிய இடமாக இருக்காது என்பதால் சார்புப் பாதையில் டிஎல்எல் தேடும் குறியீடும் தோற்கும். கர்னல் டிரைவர் இருந்தால் இந்த வழி இல்லை.

## டாட்நெட் என்றால்

கேள்வி இரண்டாகச் சுருங்கும். கணினியில் ஏற்கெனவே உள்ள டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கை நம்பி இருந்தால் இன்ஸ்டாலர் சிறியது. கணினியில் உள்ள அதே மேஜர் பதிப்பின் புதிய திருத்தத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் டாட்நெட் 6க்குக் கட்டியது, 8 மட்டுமே உள்ள கணினியில் புதிய மேஜர் பதிப்புக்குத் தாவ விடும் ரோல்ஃபார்வர்டு அமைப்பை மாற்றாமல் ஓடாது. எல்லாவற்றையும் உள்ளடக்கி அனுப்பினால் வெறும் "வணக்கம்" நிரலே சுமார் 70 எம்பி ஆகும். ரன்டைமில் திருத்தம் வரும்போதெல்லாம் நீங்களும் புதிய வெளியீடு விட வேண்டும். பயன்படாத பகுதிகளை ட்ரிம் செய்து குறைக்கலாம் என்றால், டபிள்யூபிஎஃப், வின்ஃபார்ம்ஸ் என்ற திரைக் கட்டமைப்புகளில் அதற்கு ஆதரவில்லை.

## எந்த நிலைமைக்கு எது

அட்மின் உரிமை இல்லாத அலுவலகக் கணினிகளில் பயனரே நிறுவ வேண்டும் என்றால் மூன்று குவியலும் எக்ஸி பக்கத்தில். இதில் ஒரு பாதுகாப்புச் செலவு உண்டு: பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவில் நிறுவினால், அந்தப் பயனரின் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அங்கே ஒரு போலி டிஎல்எல்லைச் செருக முடியும். ப்ரோகிராம் ஃபைல்ஸில் அது எளிதல்ல. மென்பொருள் தொடங்கியதும் டிஎல்எல் தேடும் இடங்களைச் செட்டிஃபால்ட்டிஎல்எல்டைரக்டரீஸ் என்ற விண்டோஸ் அழைப்பு வழியாகக் கட்டுப்படுத்துங்கள்.

நிர்வாகி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குத் தள்ளும் சூழலில், முதல் இரண்டு குவியலையும் எம்எஸ்ஐக்குள் வையுங்கள். ரீடிஸ்ட்டைத் தனியாகக் கொடுத்து, அதைத் தனிச் சார்பாக நிர்வாகியே முன்னதாகத் தள்ளட்டும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸியாகச் சுருட்டிக் கொடுத்தால் அவர் அதைப் பிரிக்கத்தான் பார்ப்பார்.

பிறர் எழுதும் பிளகின்களை ஏற்றும் மென்பொருளுக்கு ஸ்டாடிக் ரன்டைமும் வேண்டாம், பக்கத்தில் வைத்த பழைய ரன்டைமும் வேண்டாம், ரீடிஸ்ட் மட்டுமே. ஸ்டோரில் விற்கவும் டிரைவர் தேவைப்படாமலும் இருந்தால் எம்எஸ்ஐஎக்ஸ்.

அளவைக் குறைக்க யுபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவியைப் போட்டு டிஎல்எல்களைச் சுருக்காதீர்கள், எந்த வழியை எடுத்தாலும். கையொப்பமிட்ட கோப்பின் கையொப்பம் உடையும், வைரஸ் தடுப்பான்களும் சந்தேகப்படும். இன்ஸ்டாலரின் எல்இசட்எம்ஏ சுருக்கமே போதும்.

## அனுப்புமுன் சோதனை

டம்ப்பின் கருவியின் டிபெண்டன்ட்ஸ் தெரிவு எக்ஸி நேரடியாகக் கேட்கும் பெயர்களைக் காட்டும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் என்ன கேட்கின்றன என்று அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது லோட்லைப்ரரி வழியாக ஏறுபவை இதில் வராது. க்யூடியின் ப்ளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டிய க்யூவிண்டோஸ்.டிஎல்எல் இப்படித்தான் விட்டுப்போகும். அவற்றைப் பிடிக்க, நிரல் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டரை ஓட்டி, உங்கள் எக்ஸி பெயரில் வடிகட்டி, "பெயர் கிடைக்கவில்லை" என்று முடியும் டிஎல்எல் தேடல்களைப் பாருங்கள். முதல் இடத்தில் இல்லாமல் அடுத்த இடத்தில் கிடைத்தவை சாதாரணம். எங்குமே கிடைக்காதவைதான் விடுபட்டவை. நிறுவாத இடத்திலிருந்து, உதாரணமாகப் பாத் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரிலிருந்து கிடைத்தவையும் அதே கணக்குதான்.

பிழை எண்ணும் துப்புத் தரும். சி0000135 என்று முடிந்தால் கோப்பே இல்லை. சி000007பி என்று முடிந்தால் பெரும்பாலும் 64 பிட் எக்ஸிக்கு 32 பிட் டிஎல்எல் மாட்டியிருக்கிறது. அப்போது விடுபட்டதைத் தேடிப் பயனில்லை. வந்ததில் எது தவறான வகை என்று பாருங்கள்.

உங்கள் சொந்தக் கணினியில் நிறுவிப் பார்ப்பது சோதனையாகாது. விஷுவல் ஸ்டுடியோ இருக்கும் கணினியில் எந்த ரன்டைமும் விடுபட்டதாகத் தெரியாது. விண்டோஸ் ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் உள்ள விண்டோஸ் சாண்ட்பாக்ஸைத் திறங்கள். ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்த விண்டோஸ் கிடைக்கும். முதலில் பழைய வெளியீட்டை நிறுவி ஒருமுறை திறந்து மூடுங்கள். அதன் மேல் புதியதை நிறுவுங்கள். பிறகு நிறுவிய ஃபோல்டரின் கோப்புப் பட்டியலை, புதியதை மட்டும் வெறுங்கணினியில் நிறுவினால் கிடைக்கும் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூடுதலாக நிற்பது கைவிட்ட பிளகின். குறைவது பதிப்பு எண் இறங்கிய டிஎல்எல்.